எழுபத்தைந்து நிமிடத்தில் இராமேஸ்வரம்

11.1.1994, செவ்வாய்

டயர் கடையில் இந்த வருஷமும் டைரி கொடுத்தார்கள். போன வருஷத்து டைரியில் பிப்ரவரி வரை எழுதினேன். மிச்சப் பக்கங்களில் பூமயில் கோலம் போட்டுப் பழகிவிட்டாள். இந்த வருஷமாவது வீட்டுக்காரிக்கு முந்திக்கொள்ள வேண்டும்.

இன்று தொழிலாளர் அலுவலகத்தில் ஒன்பதாவது பேச்சுவார்த்தை. டிரைவர், கண்டக்டர்களான எங்களுக்கும் பஸ் கம்பெனிக்கும் போட்ட ஒப்பந்தம் முடிந்து ஒரு வருஷமும் பதினோரு நாளும் ஆகிறது. கம்பெனி மேனேஜர் ராமசுப்பிரமணியன் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று ஓர் ஆள் கடிதம் கொண்டுவந்தான். உடம்பு சரியில்லாதவர் காலையில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் மூன்றாவது தோசைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அதிகாரி வாய்தா போட்டார். பிப்ரவரி எட்டு.

சங்கச் செயலாளர் சதக் ஏர்வாடி வண்டி ஓட்டுகிறவர். வெளியே வந்து பீடி பற்றவைத்தார். "பொறுத்தார் பூமி ஆள்வார்ங்கிறாங்க மாப்ள" என்றார்.

"ஆளுற அன்னைக்கு நமக்கு வயசு அறுபதாயிரும் மாமா" என்றேன்.

கோரிக்கை மொத்தம் ஏழு. எனக்கு நாலாவது ஒன்று போதும். இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போக எழுபத்தைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தொண்ணூறாக்க வேண்டும். பதினைந்தே நிமிடம். இதற்கு ஒன்பது தடவை உட்கார வேண்டுமா?

14.1.1994, வெள்ளி

பொங்கல். டூட்டி.

27.1.1994, வியாழன்

பாம்பன் பாலத்தின் நட்டநடுவில் வலது விலாவுக்குக் கீழே கத்தி சொருகியது மாதிரி ஒரு வலி. பாலத்தில் நிறுத்த முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கி, பாம்பன் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேலேயே சாய்ந்துவிட்டேன். கண்டக்டர் சீனி முகம்மது தண்ணீர் நீட்டினான். குடிக்கவில்லை. குடித்தால் இறங்க வேண்டுமே.

சாயங்காலம் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது கிட்னியில் மொச்சைக்கொட்டை அளவுக்குக் கல். பகலில் எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று டாக்டர் கேட்டார். காலையில் ஒரு சொம்பு, வண்டியை விட்ட பிறகு ஒரு சொம்பு என்றேன். நடுவில்? நடுவில் போக மூன்று, வர மூன்று, ஆறு நடை இருக்கிறது சார். இராமேஸ்வரத்தில் நிற்பது ஐந்து நிமிடம். கழிப்பிடம் ஸ்டாண்டின் அந்தக் கோடியில். போய் வருவதற்குள் அடுத்த கம்பெனி வண்டிக்காரன் ஆரன் அடித்துக் கொன்றுவிடுவான். இதையெல்லாம் டாக்டரிடம் எப்படி விளக்குவது?

"நாலு லிட்டர் குடிக்கணும். இல்லேன்னா அந்தக் கிட்னி போயிரும்" என்று முடித்துவிட்டார்.

பூமயிலிடம் சொன்னேன். "தண்ணி குடிக்கவும் மொதலாளி கையெழுத்துப் போடணுமாக்கும்?" என்றாள், சிரித்துக்கொண்டுதான். அப்புறம் அடுப்படியில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

8.2.1994, செவ்வாய்

பத்தாவது. பழைய அதிகாரிக்கு மாற்றலாம். புதியவர் ஃபைலைப் படிக்க வேண்டுமாம். மார்ச் 22.

23.2.1994, புதன்

சீனி முகம்மதுக்கு நோன்பு. வெயிலில் உதடு வெடித்து நின்றான். "கஷ்டமா இருக்காடா?" என்றேன்.

"எனக்கு ஒரு மாசம்ணே. ஒங்களுக்கு வருசம் பூரா" என்றான்.

சிரித்தேன். சிரித்தால் விலா வலிக்கிறது.

6.3.1994, ஞாயிறு

டீக்கடையில் பேப்பர் பார்த்தேன். ஏதோ ஓர் ஊரில் விமானம் ஓட்டுகிறவர்களும் ஒப்பந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போகிறதென்று முறுக்கிக்கொண்டு நிற்கிறார்களாம். ஓய்வு நேரம் போதவில்லையாம். ஆகாசத்தில் போகிறவனுக்கும் வாய்தாதானா? ஆனாலும் அவனுக்கு வண்டிக்குள்ளேயே கக்கூஸ் உண்டு. அந்த மட்டில் கொடுத்துவைத்தவன்.

22.3.1994, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

மேனேஜர் வந்தார். கூடவே இரண்டு பேர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். பெட்டி நிறைய டிரிப் ஷீட். ஒவ்வொரு நடைக்கும் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் குறிக்கிற தாள். அஞ்சு வருஷத்துத் தாள். கட்டுக்கட்டாகப் பிரித்து மேசையில் அடுக்கினார்.

"சார், இதுல ஒரு தாள்லகூட எழுபத்தஞ்சுக்கு மேல ஆனதா இல்ல. எல்லாம் இவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டது. அதுலயும் நம்ம சின்னச்சாமி இருக்காரே, தங்கம். அறுபத்தெட்டு, எழுபது, அறுபத்தொம்பது. இவரே இருபது நாள் எழுபதுக்குள்ள போயிருக்கறப்ப தொண்ணூறு எதுக்குன்னு கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாராட்டியே கழுத்தை அறுக்க முடியும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவர் காட்டியதில் பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. இராமேஸ்வரத்தில் கம்பெனிக்கு டைம் கீப்பர் கிடையாது. நேரத்தைக் கண்டக்டர்தான் எழுதுவார். தொண்ணூறு ஆன அன்று, மேலே விளக்கம் கேட்பார்களே என்று எழுபத்தைந்து என எழுதுவோம். அறுபத்தெட்டில் போன அன்று அறுபத்தெட்டு என்றே எழுதுவோம். ஒன்று பயம், இன்னொன்று பவுசு. இரண்டும் சேர்ந்து அஞ்சு வருஷமாக ஒரு பெட்டியில் எங்களுக்கு எதிராகச் சாட்சி சேர்ந்திருக்கிறது. சேர்த்தவன் மேனேஜர் இல்லை. நான்.

சின்னச்சாமி வண்டியைப் பார்த்துக் கடிகாரம் திருத்தலாம் என்று பாம்பன் டீக்கடைக்காரர் சொன்னால் எனக்கு நாள் முழுக்க நெஞ்சு நிமிர்ந்திருக்கும். அந்த நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

மே பத்து.

29.3.1994, செவ்வாய்

சங்கக் கூட்டம். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எல்லோரும் நிதானமாக ஓட்டுவது, எல்லா ஸ்டாப்பிலும் நிற்பது, ஆன நேரத்தை ஆனபடி எழுதுவது. விளக்கம் கேட்டால் மொத்தமாகப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்றார் சதக்.

முத்தழகு மட்டும் எழுந்தான். சின்னப் பையனாகக் கிளீனர் வேலைக்கு வந்தவனுக்கு வண்டி பழக்கிவிட்டவன் நான்தான். "பின்னாடி வாரவன் முந்திப் போயி ஆளைப் பூரா அள்ளிட்டுப் போவான். அத நான் பாத்துக்கிட்டு வாரதா? என்னால ஏலாதுண்ணே" என்றான்.

"ஏலே, ஒரு மாசந்தான."

உட்கார்ந்தான். ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

1.4.1994, வெள்ளி

தொண்ணூற்று நாலு நிமிடம். காசிக்காரக் கூட்டம் ஒன்று, கோயில் நடை சாத்துவதற்குள் தீர்த்தமாட வேண்டுமென்று இந்தியில் திட்டியது. உச்சிப்புளியில் ஏறிய பெரியவர் தமிழிலேயே திட்டினார். மாட்டு வண்டிக்கு லைசென்ஸ் வாங்கியவனா என்றார். என் வலது காலை நான் பிடித்து வைத்திருந்த பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் அரை பாட்டில் தண்ணீர் குடித்தேன்.

16.4.1994, சனி

தொண்ணூற்றிரண்டு. தொண்ணூறு. தொண்ணூற்று மூன்று. பழகுகிறது. வலி ஒரு வாரமாக இல்லை.

27.4.1994, புதன்

கெடுத்துவிட்டேன்.

இரண்டாம் நடை. பெருங்குளம் தாண்டியதும் எதிர்க் கம்பெனி வண்டி பின்னால் ஒட்டிக்கொண்டு விடாமல் ஆரன். வழி விட்டேன். போகிற போக்கில் அதன் படியில் தொங்கிய கிளீனர் கையை நீட்டி, கிழவனைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி என் வண்டிப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினான். அவ்வளவுதான். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. உச்சிப்புளியில் நிற்கவில்லை. மண்டபம் முகாமிலும் மண்டபத்திலும் நிற்கவில்லை. பாலம் ஏறும்போது அந்த வண்டி என் பின்னால் இருந்தது. தங்கச்சிமடத்தில் பெட்டியும் கையுமாக நின்ற ஒரு குடும்பத்தைத் தூசி கிளப்பிவிட்டுத் தாண்டினேன். வண்டிக்குள் இளவட்டங்கள் விசிலடித்தார்கள். உள்ளதைச் சொன்னால் எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது.

அறுபத்தொன்பது.

சீனி முகம்மது தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றான். "என்ன எழுதணும்ணே?"

ஒரு மாதமாகப் பத்தொன்பது டிரைவர்கள் வசவு வாங்கிச் சேர்த்த தாள்கள். அதில் என் ஒரு தாள். தொண்ணூறு என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. அவனும் எழுதியிருப்பான், அப்படி நல்லவன்.

"அறுபத்தொம்பதுன்னு எழுது" என்றேன்.

"அண்ணே, நாள் பூரா யோசிச்சுக்கங்க. ராத்திரி எழுதிக்கலாம்."

"எழுதுடா."

எழுதினான். நான் கையெழுத்துப் போட்டேன். சதக்கிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

10.5.1994, செவ்வாய்

எதிர்பார்த்தபடியே மேனேஜர் முதலில் எடுத்தது அந்தத் தாளைத்தான். "மத்ததெல்லாம் வேணும்னே மெதுவா ஓட்டுனது சார். மனசு வச்சா அறுபத்தொம்பது. பாருங்க."

புது அதிகாரி என்னைக் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன், அந்த இரண்டு தட்டு உட்பட. அவர் அன்றைய டிக்கெட் கணக்கை வாங்கிப் பார்த்தார். நாலு ஸ்டாப்பில் ஒரு டிக்கெட்கூட இல்லை. முந்தின நாள் அதே நடையில், அதே நாலு ஸ்டாப்பில் பதினேழு பேர் ஏறியிருக்கிறார்கள்.

"பொய் எழுதுறவங்களா இருந்தா இந்தத் தாள் இங்க வந்திருக்காதே" என்றார் மேனேஜரைப் பார்த்து. "அறுபத்தொம்பதுல போறதுன்னா இந்தப் பதினேழு பேரும் ரோட்டுல நிக்கணும். அதுதான் கம்பெனியோட நிலைப்பாடுன்னா எழுதிக் குடுங்க."

மேனேஜர் எழுதிக் கொடுக்கவில்லை.

எனக்கு அங்கே என்ன தோன்றியதோ, எழுந்து இன்னொன்றும் கேட்டேன். தொண்ணூறு கொடுத்தால் மட்டும் போதாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் முந்தி வந்தாலும் குற்றம் என்று சேர்க்க வேண்டும். இராமேஸ்வரத்தில் நேரம் எழுத ஒரு ஆள் போட வேண்டும். சங்கத்துக்காரர்களே என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும். என் காலை எனக்குத் தெரியும்.

முதலாளியைக் கேட்டுச் சொல்வதாக மேனேஜர் சொன்னார். ஜூன் 14.

14.6.1994, செவ்வாய்

முதலாளி ஊட்டியில் இருக்கிறாராம். ஜூலை 19.

வலி திரும்ப வந்துவிட்டது. மேயிலிருந்து எல்லோரும் பழையபடி எழுபத்தைந்துக்கே ஓட்டுகிறோம். ஒப்பந்தம் வரும்வரை அதுதானே நேரம்?

2.7.1994, சனி

மண்டபத்தில் மயங்கிவிட்டேன். நல்லவேளை, வண்டி நின்றிருந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோகிறார்கள். டைரியைப் பூமயில் பையில் எடுத்து வைக்கக் காத்திருக்கிறாள்.

11.7.1994, திங்கள்

எடுத்துவிட்டார்கள். கல்லை மட்டும் எடுக்கப் போய், கிட்னியையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்களாம். கனரக வண்டி இனிமேல் வேண்டாம் என்கிறார் டாக்டர்.

பூமயில் கஞ்சி ஊட்டினாள். கடைசியில் கேட்டாள். "அந்தக் கையெழுத்து இன்னும் போடலயா?"

16.8.1994, செவ்வாய்

போட்டுவிட்டார்கள். பதினைந்தாவது உட்காரலில். தொண்ணூறு நிமிடம், அக்டோபர் முதல் தேதியிலிருந்து. நான் கேட்டுச் சேர்க்கச் சொன்ன இரண்டும் இருக்கின்றன. சதக் மிட்டாய்ப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். "ஒரு மூணு மாசம் முந்தி போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வாய்தா போட்டவன் மேலா, அந்தப் பெட்டியை நிரப்பின என் மேலா?

20.9.1994, செவ்வாய்

கம்பெனி லைட் டூட்டி கொடுத்திருக்கிறது. இராமேஸ்வரத்து டைம் கீப்பர். ஒரு மேசை, ஒரு நாற்காலி.

3.10.1994, திங்கள்

புது நேரத்தில் இன்று மூன்றாம் நாள். எல்லா வண்டியும் எண்பத்தெட்டு, தொண்ணூறு என்று ஒழுங்காக வந்தன. சீனி முகம்மது இறங்கி நிதானமாக முகம் கழுவிவிட்டு வந்தான். பார்க்க நன்றாக இருந்தது.

பதினோரு மணிக்கு முத்தழகு. வண்டியை ஒடித்து நிறுத்திவிட்டுக் குதித்து ஓடி வந்தான். முகமெல்லாம் பல்.

"எழுபத்தொண்ணுண்ணே. நீங்க பழக்குன கை."

"உச்சிப்புளியில நின்னியாலே?"

"ஆளே இல்லண்ணே."

இருபது நிமிடம் கழித்து எதிர்க் கம்பெனி வண்டியில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையும் தலையில் கூடையுமாக இறங்கி நேரே என் மேசைக்கு வந்தாள். உச்சிப்புளியில் கை காட்டக் காட்ட உங்கள் வண்டி போய்விட்டது என்றாள். முத்தழகு பக்கத்தில்தான் டீயும் கையுமாக நின்றான். தரையைப் பார்த்தான்.

எழுபத்தொன்று என்று எழுதினேன். அதன் கீழே, பத்தொன்பது நிமிடம் முந்தி வந்ததற்கும் ஸ்டாப்பில் நிற்காததற்கும் விளக்கம் கேட்டு மெமோ எழுதினேன்.

"அண்ணே, நம்ம ஆளு மேல நம்ம ஆளே எழுதுறதா?" என்றான். "நீங்க எழுதலாமாண்ணே?"

"ஒனக்கு ரெண்டு கிட்னியும் இருக்குல்ல. வாங்கிக்க" என்றேன்.

வாங்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சரியான நேரத்துக்குத்தான் எடுத்தான். மெமோ மேசைமேல் இருக்கிறது. நாளைக் காலையிலும் அவன் இந்த நடைதான்.