சபைக் கிணற்றுத் தண்ணீர்

மகளுக்கு அப்பாவின் ஸ்தோத்திரம்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் பிள்ளை அக்ஸாவைக் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறதாம். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது சொல் கிடைக்காமல் முழிக்கிறாள்.

கிறிஸ்துமசுக்கு வந்தபோது உன் ஆராய்ச்சியை எனக்கு விளக்கினாய். "ரெண்டு உலோகமும் கந்தகமும் சேந்த தூளாக்கும் அப்பா. பொரோட்டா மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். அடுக்குக்கு இடையில உள்ள பொட்டாசியத்தைத் தள்ளிட்டு ஈயம் போய் இருந்துக்கும். தண்ணி சுத்தமாவும்."

"இதை விக்க முடியுமா மக்கா?" என்று கேட்டேன். சிரித்தாய். பிறகு, சோதித்துப் பார்க்க நம் கிணற்றுத் தண்ணீர் ஒரு குப்பி கேட்டாய்.

ஈயத்துக்காகப் பழைய பேட்டரி உடைக்கும் என் கொட்டகையை மூடச் சொல்லிவிடுவாயோ என்று பயந்து, நம் கிணற்றை விட்டுவிட்டு, தூரத்தில் இருக்கும் சபைக் கிணற்றில் கோரிக் கொடுத்தேன். ஈயமே இல்லை என்று நீ சொன்னாய். அதை நம்பித்தான் பிள்ளையை எங்களிடம் விட்டுப் போனாய்.

உன் அம்மாவிடம் இன்றுதான் சொன்னேன். "யாவாரத்தில ஊரை ஏச்சது போதாதா? பெத்த மகளையுமா ஏச்சீரு?" என்றாள்.

உன் தூள் ரத்தத்துக்கு ஆகுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அது தண்ணிக்கு உள்ளதாக்கும். உடம்புக்கு வேற மருந்து உண்டு. ஆனா மூளையில கெட்டது கெட்டதுதான்" என்றார்.

கொட்டகையைப் பூட்டிவிட்டேன். இனிப் பூட்டி என்ன?

உடனே வந்து பிள்ளையைக் கொண்டுபோ. நான் நகர்ந்தால் அழுகிறாள். என் கழுத்திலிருந்து அவள் கையை நீதான் பிரித்தெடுக்க வேண்டும்.

உன் அப்பா,
பாறசாலை