தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்பியூட்டர்

மேல் டிவிசன்,
றொசல்ல.
2007 ஜூன், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வினோதா அப்பாவுக்கு,

நாகலெட்சுமி எழுதுவது. நானும் பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். கத்தாரில் இப்போது வெயில் ஆளைப் பொசுக்குகிறதென்று அங்கே உங்களோடு இருக்கிற மாயாண்டி அண்ணன் வீட்டில் சொன்னார்கள். தலையில் துணி கட்டாமல் வேலைக்கு ஏற வேண்டாம். இங்கே அதற்கு நேர்மாறு. மழை பிடித்தால் விடுவதாக இல்லை. காயப்போட்ட துணி நாற்றமெடுத்து, மறுபடி அலசி, மறுபடி அடுப்புக்கு மேலே காயப்போட்டு, இதே வேலையாக இருக்கிறது.

போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தாங்கியடியில் மட்டும். அங்கே எப்போதும் ஒரு கூட்டம் நிற்கிறது. அவரவர் போனில் பேசிக்கொண்டே அடுத்தவர் பேச்சைக் கேட்பார்கள். நம் போனை வினோதா பிடித்துக்கொள்கிறாள். அப்பாவும் மகளும் கொஞ்சி முடித்து என் கைக்கு வரும்போது உங்கள் கார்டு தீர்ந்துவிடுகிறது. போன வாரமும் அப்படித்தான். டெஸ்க்டொப்தான், வேறு பேச்சு வேண்டாம் என்று சொன்னீர்கள், லைன் போய்விட்டது. நான் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. இதைத் தோட்டத்து ஆபிசில் கொடுத்தால் எந்த மேசையில் கிடக்குமோ தெரியாது. நானே ஹட்டனுக்குப் போய்த் தபாலில் போடுவேன்.

முதலில் கம்பியூட்டர் விஷயம். வினோதா கம்பியூட்டர் வகுப்பில் நன்றாகத்தான் செய்கிறாள். ஆனால் அங்கே ஒரு மெசினுக்கு மூன்று பிள்ளைகள். இவள் கை வைப்பதற்குள் அடுத்த வகுப்பு வந்துவிடுகிறதாம். வீட்டில் செய்துகொண்டு போய்க் காட்ட வேண்டிய வேலையை வருட முடிவுக்குள் கொடுத்தால், அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் மெசின் வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. எது என்பதில்தான்.

லெப்டொப் பெரிய இடத்துப் பிள்ளைகளின் பகட்டு, பஸ்ஸில் கை தவறி விழும், களவு போகும், டெஸ்க்டொப் என்றால் போட்ட இடத்தில் கிடக்கும் என்று நீங்கள் சொன்னதில் தப்பில்லை. வகுப்பு நடத்துகிற ஜெயரத்தினம் சேரும் அதைத்தான் சொன்னார். யாழ்ப்பாணத்து ஆள், நிதானமாகப் பேசுவார். "டெஸ்க்டொப் எண்டால் ஒரு சாமான் பழுதானாலும் அதை மட்டும் மாத்திப்போடலாம், பிள்ளை" என்றாராம். திரையும் பெரிது, கண்ணுக்கு நல்லது என்றும் சொன்னாராம். நீங்கள் அங்கிருந்து கொண்டு கம்பியூட்டர் கம்பெனி முதலாளி போலப் பேசுவதைவிட அவர் பேச்சில் எனக்கு நம்பிக்கை வந்தது. நானும் டெஸ்க்டொப் பக்கம் சாய்ந்துதான் இருந்தேன். தூசி விழாமல் மூடிவைக்க ஒரு பூப்போட்ட துணிகூட எடுத்துவைத்தேன். புது வீட்டின் முன்னறையில், ஜன்னலோரம், மேசை போட்டு வைக்கலாம் என்று நீங்கள் சொன்னதும் எனக்கும் அந்த மேசை கண்ணில் வந்துவிட்டது.

அந்தப் புது வீட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கம்பியூட்டரைச் சுற்றிச்சுற்றி வருகிறேன். வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் சுவரில் போட்டிருக்கிற சிவப்பு வட்டம் தனி வீட்டுக்கான அடையாளம் இல்லை.

நான்தான் உங்களிடம் அப்படிச் சொன்னேன். அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். சித்திரைக்குப் பிறகு அரசாங்க ஆபிஸ்காரர்கள் நாலைந்து பேர் டேப்பும் பெயின்டுமாக வந்து நம் லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி அளந்தார்கள். தங்களுக்குள் சிங்களத்தில் பேசினார்கள், நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. சில வீட்டுக் காம்பராச் சுவர்களில் மட்டும் வட்டம் போட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். டேப்பைக் கண்டாலே நமக்கு வேறென்ன தோன்றும்? சங்கத் தலைவர் வீரய்யா வந்து, "வட்டம் விழுந்த காம்பராவுக்கெல்லாம் தனி வீடு வருது, நான் பேசி முடிச்சிட்டேன்" என்று மார்தட்டினார். மாரியம்மன் கோவிலில் பொங்கல் வைத்தோம். அன்று மாலைதான் தாங்கியடியில் நின்று உங்களிடம் கத்திச் சொன்னேன். நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பக்கத்துக் காம்பரா லெட்சுமி சுவரில் வட்டம் இல்லை. அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நான் யாருக்கோ காசு கொடுத்து வட்டம் போட வைத்தேன் என்று பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது ஜாடை பேசினாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அவள் சுவரிலும் வட்டம். கோவில் தூணுக்கு அடித்து மிஞ்சின சிவப்புப் பெயின்டை எடுத்து அவளே போட்டுக்கொண்டிருக்கிறாள். வட்டமும் வட்டமாக இல்லை, பூசணிக்காய் மாதிரி இருந்தது. நான் வாய்க்குள் சிரித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று சுவர்களில் பூசணிக்காய் முளைத்தது.

இந்த மாதம் மழை தொடங்கினதும் அதே ஆபிஸ்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை தமிழ் தெரிந்த ஒரு தம்பியும் கூட வந்தது. தனி வீடு எப்போது கிடைக்கும் என்று நான்தான் முந்திக்கொண்டு கேட்டேன். அந்தத் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது: "இது வீடு குடுக்கிறதுக்கு இல்லம்மா. மேல மண்ணு வெடிச்சிருக்கு. மழை புடிச்சா வட்டம் போட்ட காம்பராக்காரங்க மொதல்ல வெளிய போயிரணும்."

தலைவர் மெல்ல நழுவிவிட்டார். அன்று மாலை லெட்சுமி மண்ணெண்ணெயும் சாக்குத் துண்டுமாகத் தன் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் கூடச் சேர்ந்து தேய்த்தேன். இப்போது பேசுகிறோம்.

மேலே போய்ப் பார்த்தேன். லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் நீளமாக வெடித்திருக்கிறது. மண் போட்டு மூடினார்கள், திரும்பவும் வாய் பிளந்துவிட்டது. நம் குசினிச் சுவரின் அடியில் இதுவரை இல்லாத ஊற்று ஒன்று கலங்கலாக வருகிறது. நீங்கள் கட்டிட வேலை செய்கிறவர், மண்ணைப் பற்றி என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் நான் எழுத...

திங்கட்கிழமை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே நேற்று மழை இறங்கிவிட்டது. கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறினோம். இப்போது பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே பிள்ளை பார்ப்பது நானே என்பதால் சாவி என்னிடம் இருப்பது நல்லதாகப் போயிற்று. மழை நாட்களில் வட்டம் போட்ட குடும்பங்கள் எல்லாம் இங்கேதான் ஒண்டுகிறோம். மேலே தொட்டில்கள் தொங்குகின்றன, கீழே பெரியவர்கள் படுக்கிறோம். விடிந்ததும் கூட்டிக் கழுவி, பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வாங்கிக்கொள்கிறேன். பகலில் வெயில் எட்டிப் பார்த்தால் வீட்டுக்குப் போகிறோம், சமைக்கிறோம், கறுத்தால் திரும்பவும் மூட்டையைத் தூக்குகிறோம். கட்டுவதும் அவிழ்ப்பதுமாக எனக்குக் கையும் ஓயவில்லை, மனமும் ஓயவில்லை. ஓட்டில் ஒரு கிளை விழுந்தாலும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

ஹட்டனில் ஒரு அறை வாடகைக்கு எடுக்கலாம் என்று வினோதா சொல்கிறாள். காம்பராவைக் காலி செய்தால் நாளைக்கு உண்மையாகவே வீடு கொடுக்கும்போது நம் பெயர் இருக்காது என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. மாற்று இடம் பார்ப்பதாகத் தோட்டத்துத் துரை சொன்னாராம். வாசல் இஸ்தோப்பை அடைத்து நீங்கள் கட்டின அறையை விட்டுப் போகவும் மனம் வரவில்லை. முதல் வருடம் கத்தாரில் நின்று சம்பாதித்ததெல்லாம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. வட்டத்தையும் அந்தச் சுவரில்தான் போட்டிருக்கிறார்கள்.

போன புதன்கிழமை நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. பொழுது சாய்கிற நேரம் மழை கொட்டத் தொடங்கியது. எல்லாரும் வெளியேறினோம். கடைசிக் காம்பரா சிவசாமி அண்ணன் பாதி வழி வந்துவிட்டு, டிவியை விட்டுவிட்டேனே என்று திரும்பி ஓடினார். அந்தப் பெரிய பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியில் இறங்கும்போது வழுக்கி, டிவி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். டிவி நொறுங்கிப் போயிற்று. அவர் காலில் கட்டுப் போட்டு டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அவர் மனைவி காலுக்கு அழுதாளா டிவிக்கு அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. மாதாமாதம் கடைக்காரனுக்குக் கட்டி வாங்கின பெட்டி.

அவரைத் தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வினோதாவைக் காணவில்லை. அவளும் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். நான் பேர் சொல்லிக் கத்தினேன். மழையில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சர்டிபிகேட் பைலைத் தாவணிக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். கைநீட்டி அறைந்துவிட்டேன். அவளை நான் அடித்தது உங்களுக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அப்பா அங்க வெயில்ல நின்னு படிக்க வெச்சதும்மா இது. எப்படி விட்டுட்டு வர்றது?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் என்னைத் தேற்றினாள்.

ஜெயரத்தினம் சேரிடமும் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அவர், "அப்ப எங்க வைக்கப் போறீர், பிள்ளை?" என்று மட்டும் கேட்டாராம்.

அதனால்தான் சொல்கிறேன், டெஸ்க்டொப் வேண்டாம். டிவிக்கு ஒரு பெட்டிதான். டெஸ்க்டொப்புக்கு மொனிட்டர் ஒன்று, பெட்டி ஒன்று, வயர் ஒரு கட்டு. தூக்கிக்கொண்டு ஓட முடியாத எதையும் இப்போது நமக்கு வாங்கித்தர வேண்டாம். மாயாண்டி அண்ணன் மாதக் கடைசியில் லீவில் வருகிறாராம். லெப்டொப்பாக வாங்கி அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். பெரியது வேண்டாம், புதுசுதான் வேண்டும் என்றும் இல்லை. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் வேலை செய்யுமாம். புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கும் போவாள், பிள்ளைக்காம்பராவுக்கும் வருவாள். பஸ்ஸில் களவு போனால் போகட்டும்.

இதை வாசித்துவிட்டு உடனே டிக்கட் போட வேண்டாம். ஒப்பந்தம் முடியாமல் வந்தால் திரும்பப் போக விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லாயிருக்கும் என்று தினமும் நினைக்கிறேன்தான். அதையும் மறைக்கவில்லை. ஆனால் மலையை நீங்கள் வந்து பிடித்து நிறுத்தப் போவதில்லை. அங்கே இருந்து ஒரு காரியம் செய்தால் போதும். அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

லெப்டொப் வந்தாலும் என் பயம் தீராது. ஒருநாள் அது உள்ளேயும் அவள் வெளியேயுமாக மழை வரும். அப்பா அனுப்பியது என்று திரும்பி ஓடுவாள். நான் விடு என்றால் கேட்க மாட்டாள், அறைந்தாலும் கேட்க மாட்டாள். உங்கள் பேச்சைத்தான் கேட்பாள். அது கைக்கு வருவதற்கு முன்னாலேயே அவளிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். மழை வந்தால் அதை அப்படியே போட்டுவிட்டு ஓடு, போனால் போகட்டும், அப்பா அதற்காக அங்கே நிற்கவில்லை, உனக்காகத்தான் நிற்கிறேன் என்று சொல்லுங்கள். சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் எந்த வெயிலில் நின்றாலும் அம்மன் உங்களுக்கு நிழலாக இருக்கட்டும். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்
நாகலெட்சுமி