கைதட்டிப் பதிந்து அனுப்பு

மஸ்கட்,
ஜூன் 1998

அன்புள்ள சம்பூர்ணத்துக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். நீ சுகந்தானே? அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா?

ஒரு வேடிக்கை கேள். இங்கே வெள்ளிக்கிழமை ஆராதனையில் மூன்று கிட்டார். மற்ற இருவரும் மெட்டு வாசிப்பார்கள், நான் ரிதம் அடிப்பேன். போன வாரம் ஒரு பாட்டை வேகமாக இழுத்துக்கொண்டு போய்விட்டேன். பாடியவர்களுக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் வாசித்த ராணிப்பேட்டை மோசே அண்ணன், "இன்னாப்பா, எங்க ஓடிக்கினு இருக்கிற? கடைசி பஸ் போயிடுமா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

நம் செவிலிமேட்டு சபையில் நான் ஒருநாளும் ஓடியதில்லை. முன்னால் பாயில் உட்கார்ந்து நீ கைதட்டுவாய். அதைக் கேட்டுத்தான் என் கை நடந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

அதனால் ஒரு கேசட்டில், ஒரு பக்கம் முழுக்கக் கைதட்டிப் பதிந்து வை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் மோசே அண்ணன் லீவு முடிந்து திரும்பும்போது அவரிடமே கொடுத்தனுப்பு. அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தையும் பேசாதே. உன் குரல் கேட்டால் எனக்கு வாசிக்க வராது.

அண்ணன் டாக்ஸியை நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறார். பேசுவதையெல்லாம் மறுபக்கத்தில் பேசு. அதைக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

உன்
தாவீது