தம்பி திறக்காத கோப்பு

போடிநாயக்கனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சுஜாதாவுக்கு,

அக்கா அமுதவள்ளி எழுதுவது. ஷார்ஜாவில் நீயும் ஈஸ்வர் தம்பியும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும். இங்கே மழை விட்டுவிட்டது. ஏலக்காய்க்கு விலை பரவாயில்லை. போனில் பேசினால் தம்பி பக்கத்தில் இருப்பார் என்றுதான் இதை எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் ரசியா கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

என் பட்டன் போனில் இதெல்லாம் வராது என்று, ரசியாவின் அண்ணன் கமருதீனுடைய மொபைல் கடைக்குத் தம்பி ஒரு கோப்பு அனுப்பியிருந்தார். தம்பியின் அண்ணன், என்னவர், மலையில் தவறிய சமயம் அவர் போனிலிருந்து தம்பிக்கு வந்ததாம். "பேர் தெரியாத பைலு, வைரஸா இருக்கும்னு தொறக்காம விட்டுட்டேன். என்னன்னு பாக்கச் சொல்லுங்கண்ணி" என்று போனில் சொன்னார்.

பெயர் ஜி.பி.எக்ஸ். என்று முடிந்தது. கமருதீன் அதை நெட்டில் தேடியதும், இதை இறக்கினால்தான் திறக்கும் என்று ஒரு விளம்பரம் வந்தது. அவன் தொடவில்லை. கிடைத்ததையெல்லாம் இறக்கினால் கம்ப்யூட்டரே போய்விடும் என்றான். வந்த கோப்பை அப்படியே வைத்துவிட்டு, நகல் எடுத்து, வைரஸ் சோதித்து, வெறும் எழுத்தாகத் திறந்தான். எண்களாக ஓடியது. நடந்த வழியைப் போன் குறித்துவைக்கும் கோப்பு அது. எஸ்டேட் எல்லை அளக்க அதற்கான ஆப்பை அவர் போனில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். டவர் இல்லாத இடத்திலும் எழுதுமாம். பிறகு அதை வரைபடத்தில் ஏற்றினான்.

குரங்கணிக்கு மேலே ஜீப் பாதையை விட்டு ஒரு கோடு இறங்கியது. சரிவில் சட்டென்று விழுந்தது. அங்கே முடியவில்லை, சுஜாதா. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஒரு இடத்தில் நின்றது. கடைசிப் புள்ளியின் நேரம் விடிவதற்கு வெகு முன்பாக இருந்தது. அதற்குள் உயிர் போயிருக்கும், அந்த இருட்டில் யாராலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்று மனதைத் தேற்றினேன். கமருதீன் தலையைக் குனிந்துகொண்டு, "இது நம்ம நேரம் இல்லக்கா, உலகப் பொது நேரம். அஞ்சரை மணி கூட்டணும்" என்றான். கூட்டினால் வெயில் ஏறிய பிறகு. அந்த இடத்தில் கொஞ்சம் டவர் எட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் தம்பிக்கு அனுப்பியிருக்கிறார். போனின் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. நம்பர் போட்டுப் பேசவோ எழுத்து அடிக்கவோ முடிந்திருக்காது. வழியை மட்டும் அனுப்பியிருக்கிறார். இங்கே அவரைத் தேடிக் கண்டது அதற்கு மறுநாள்.

மரத்தடியில் கோடு தப்பாகவும் விழும் என்று கமருதீன் சமாதானம் சொன்னான். அவரைத் தூக்கி வந்த ஜீப் டிரைவர் முத்துப்பாண்டியிடம் கேட்டேன். விழுந்ததுமே உயிர் போயிருக்கும் என்று அன்று எல்லோரிடமும் சொன்னவர் அவர்தான். "பாறைக்கு அடியில, நனையாம சாஞ்சு ஒக்காந்திருந்தாரு தாயி. சொல்ல மனசு வரல" என்றார்.

அன்றிலிருந்து ஜீப் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய்விடுகிறேன். கண்ணை மூடினால் அந்தக் கோடு நகர்கிறது.

தெரியாத கோப்பைத் திறக்காதே என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? தம்பி செய்ததில் தப்பில்லை. அது எஸ்டேட் எல்லை அளந்த கணக்கு, வேறொன்றும் இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். முன்பே அனுப்பியது டவர் கிடைக்காமல் தாமதமாக வந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார், நம்பட்டும். நீ அவர் போனிலிருந்து அதை அழித்துவிடு. இங்கிருப்பதை அழிக்க எனக்குக் கை வரவில்லை.

தம்பி நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொள். தூங்காமல் எழுந்து உட்கார்ந்தால் தனியாக விடாதே. நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். அண்ணிக்கு உங்கள்மேல் எந்த வருத்தமும் இல்லை என்று அவரிடம் அவ்வப்போது சொல்லிக்கொண்டிரு. எதற்கு வருத்தம் என்று கேட்டால், அக்கா சும்மா அப்படித்தான் சொல்வாள் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அக்கா,
அமுதவள்ளி