நீ விசையை அழுத்திய நாள்

கேரெத்தாரோ

அன்பு மகள் ரெனாத்தாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். அந்த நார்வே குளிரில் உன் இருமல் விட்டதா இல்லையா, மறைக்காமல் எழுது.

போன சனிக்கிழமை உன் பழைய கல்லூரியில் பறக்கும் இயந்திரப் போட்டி, அப்பா போயே தீருவேன் என்று நின்றார், போனோம். அதே விளையாட்டுக் கூடம், அதே பச்சை வலை, வாசலில் சோளமாவுத் தமாலே விற்கிற அதே அம்மாள். தூக்கம் கெட்ட கண்களோடு பிள்ளைகள் கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு உங்கள் ஞாபகம்தான். நீயும் உன் வகுப்புத் தோழன் உலிசெஸும் என் சமையல் மேசையில் உங்கள் தும்பி இயந்திரத்துக்கு இறக்கை ஒட்டுவீர்கள், அந்தப் பசைக்கறை இன்னும் போகவில்லை, நானும் இப்போது தேய்ப்பதில்லை.

நீங்கள் போட்டியிட்ட வருடத்துக் கடைசிச் சுற்றை நினைத்துக்கொண்டேன். யாரும் கை வைக்காமல் தும்பி தானே வழி கண்டுபிடித்துத் தரையில் வரைந்த குறியில் இறங்கவேண்டும், நிறுத்தும் விசையைத் தொட்டால் ஆட்டம் போச்சு. எல்லாத் தடையையும் தாண்டிவிட்டது, குறி கண்ணெதிரே. அப்போது பார்த்து வலையின் ஒரு மூலை அவிழ்ந்தது, தும்பி அந்தப் பக்கமே சாய்ந்தது. உலிசெஸ், "பொறுடி, அதுவே திரும்பிடும்!" என்று கத்தினான். நீ அழுத்திவிட்டாய். விழுந்து நொறுங்கிய பிறகுதான் வலைக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி நின்றதை நாங்கள் பார்த்தோம். உடைந்த துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டே நீ வீடு திரும்பினாய். அப்பாதான், "பொம்மை போனாப் போவுது கண்ணு, பசிக்குது, சூடா போசோலே சூப் சாப்பிடலாம் வா" என்றார். உலிசெஸ் ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை.

இந்த வருடம் அவன் நடுவர், லேசாகத் தொந்தி விழுந்திருக்கிறது. உன்னைப் பற்றிக் கேட்டான். ஆபத்தான இயந்திரத்தைப் பறக்கவிடச் சம்மதிக்காததால் உன் வேலை போகும்போல இருக்கிறது என்று நீ போனில் அழுததைச் சொன்னேன். கையிலிருந்த மதிப்பெண் தாளை மடித்து வைத்தான். பிறகு, "அம்பாரோம்மா, அன்னைக்கு நான் குறியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், அவதான் ஆளப் பாத்தா. இத அவகிட்ட நான் சொன்னதே இல்ல, நீங்க சொல்லுங்க" என்றான். சொல்லிவிட்டேன்.

வேலை போனால் வெட்கப்பட்டு அங்கேயே கிடக்காதே. உன் அறை முழுக்க அப்பா தக்காளி நாற்று வைத்திருக்கிறார், நீ வருகிறாய் என்றால் ஒரே காலையில் எடுத்துவிடுவோம்.

குவாதலூபே மாதா உனக்குத் துணையிருக்கட்டும். வெந்நீர் குடி, கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா அம்பாரோ