பந்தயத் திடலில் தளர்ந்த கயிறு

பதுளை, கடைவீதி
1913 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை

அன்பு மகள் சந்திரகாந்திக்கு அப்பா எழுதுவது. கதிர்வேலாயுதர் கிருபையால் இங்கே வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் தலைவலி என்று எதுவும் இல்லை, பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி போன மாதத்தைவிடக் குறைவு, நீ அனுப்பிய தைலத்தால் என்று அவள் சொல்கிறாள், கச்சான் காற்று வீசத் தொடங்கி ஈரம் போனதால் என்று நான் சொல்கிறேன். நீ அனுப்பிய கிளிப்பச்சைச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள், நாளை மறுநாள் குதிரைப் பந்தயத்துக்கு அதைத்தான் உடுத்தப் போகிறாளாம். அந்தப் பந்தயத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்து பதினைந்து நாளாகியிருக்கும், உன்னால் செய்யக்கூடியது ஒன்றும் இராது, ஆனாலும் இங்கே யாரிடமும் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும் போலிருக்கிறது.

இந்த வருடம் துரைமார் பந்தயத்தில் தோட்டத்து ஆட்களும் கடைவீதிக் குடும்பங்களும் உட்கார்ந்து பார்க்கத் தனியாக ஒரு கலரி கட்டுகிறார்கள், அந்த வேலை உன் அண்ணன் தங்கராஜாவுக்குக் கிடைத்தது. இதுவரை பந்தலும் கொட்டகையும் கட்டியவனுக்கு இதுதான் முதல் பெரிய வேலை. படிப்படியாக ஏழு தட்டு, மேல் தட்டு பன்னிரண்டு அடி உயரம், நானூறு பேர் உட்காரலாம். தேயிலைக்கு நிழலாக நின்ற சவுக்கு மரங்களை வெட்டிப் பச்சையாகவே கொண்டுவந்து கால் நட்டுக் குறுக்குமரம் கட்டினான். மேலே பரப்பப் பலகை வேண்டும், அவ்வளவு பலகைக்கு எங்கே போவது? பசறை வழியில் ஒரு துரை புதிதாகத் தேயிலை ஸ்டோர் கட்டுகிறார், கொழுந்து உலர்த்துகிற அதன் மேல்மாடித் தரைக்கு வந்த பலகைகளை இரவல் கொடுத்தார். ஒரு பலகையிலும் ஒரு ஆணித் துளைகூட விழக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். தங்கராஜாவும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஆணியே இல்லாமல் பலகைகளைக் குறுக்குமரத்தோடு சேர்த்துத் தேங்காய்த் தும்புக் கயிற்றால் கட்டிவிட்டான்.

போன வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் போய்ப் பார்த்தேன். புல்லில் பனி நிற்கிறது, கயிறு நனைந்து கறுத்து இரும்புக் கம்பி மாதிரி இறுகிக் கிடக்கிறது, பெருவிரலால் அழுத்தினால் அசையவில்லை. நான் ஏழாம் தட்டு வரை ஏறி இறங்கினேன். அன்றைக்கே வழக்கம்போல் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன், கலரி மிக உறுதியாக அமைந்திருக்கிறது, பெண்கள் குழந்தைகளுடன் அச்சமின்றி வரலாம் என்று. மகன் கட்டியது என்பதற்காக ஒரு சொல் கூட்டி எழுதவில்லை, கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன். செவ்வாய்க்கிழமை அது அச்சாகி வந்தது. தம்பையா கங்காணி அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்களைக் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் நின்று உரக்கப் படித்தாராம், அதுவரை வரலாமா வேண்டாமா என்றிருந்த லயத்துப் பெண்களெல்லாம் உடனே பேர் கொடுத்துவிட்டார்களாம். அவர் தோட்டத்திலிருந்து மட்டும் தொண்ணூறு பேர் வருகிறார்கள்.

நேற்றுப் புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வேறு வேலையாகத் திடல் பக்கம் போனேன். கயிறு கட்டுகிற வீரய்யா ஆறாம் தட்டில் கொடி நடப் போய்ப் பலகையின் நுனியில் கால் வைத்தான். நுனி குறுக்குமரத்தைத் தாண்டி ஒன்றரை முழம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அவன் நின்ற பக்கம் தாழ்ந்தது, மறுபக்கம் கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரு சாண் எழும்பியது. அவன் குதித்து இறங்கிச் சிரிக்கிறான், “பலகைக்கும் பந்தயம் பாக்க ஆசைங்க, எந்திரிச்சுப் பாக்குது” என்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிட்டப் போய்க் கட்டுக்குள் விரலை விட்டேன், இரண்டு விரல் தாராளமாகப் போனது. அடுத்த கட்டு, அதற்கடுத்த கட்டு, எல்லாம் அப்படியே. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்த அதே கயிறுதான். பனியில் இறுகுகிறது, வெயிலில் தளர்கிறது, அதோடு பச்சை மரம் இந்தக் காற்றில் நாளுக்கு நாள் வற்றி மெலிகிறது. பந்தயம் தொடங்குவது இரண்டு மணிக்கு. நான் ஏழு மணிக்குப் பார்த்து எழுதிவிட்டேன்.

தங்கராஜாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தான், பிறகு கோபித்தான். “பலகை குடுத்த துரையே நேத்துக் காலையில குதிரையில வந்து பாத்துட்டு ஆல் ரைட்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நீங்களும் ஏறிப் பாத்துத்தானே எழுதினீங்க? இப்ப என்னப்பா புதுசா? எழுதுறது ஒங்க வேலை, கட்டுறது என் வேலை” என்றான். துரை வந்ததும் காலையில்தானேடா என்றேன். ஆணி அடிக்காமல் வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். நீ இங்கே இருந்தால் உன் சொல்லைக் கேட்பான், சின்ன வயதிலிருந்து உனக்கு மட்டும்தான் மடங்குவான். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. பந்தயத்துக்குப் போக வேண்டாமே, கூட்டம் அதிகம் என்று மட்டும் சொன்னேன். “நம்ம புள்ள கட்டின கலரியில நானே போயி ஒக்காரலைன்னா தெருவுல என்ன பேசுவாங்க?” என்று கேட்டுவிட்டுச் சேலையைத் திருப்பிப் போடப் போய்விட்டாள். காந்தி, இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை. தபாலில் போடாமல் வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, 17

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன், முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா நன்றாக இருக்கிறாள், அண்ணனும் நன்றாக இருக்கிறான், உயிருக்கு ஒருவருக்கும் மோசமில்லை. இனி நடந்தது நடந்தபடி.

வெள்ளிக்கிழமை நம் கடையில் உட்கார முடியாமல் அஸீஸைத் தேடிப் போனேன். அந்தப் பலகைகளைப் பண்டாரவளை ஸ்டேசனிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றி வந்தவர் அவர்தான், உனக்கு நினைவிருக்கும், உன் கலியாணத்துக்குச் சாமான் ஏற்றியவர். நான் சொல்லி முடிக்குமுன்பே அவர் தலையை ஆட்டினார். “பண்டாரவளைப் பனியில இறுக்கிக் கட்டினா தெமோதரை வரக்குள்ள கயிறு தொங்கும் அண்ணே. நாங்க எறங்கி ஆப்பு அடிச்சுத்தான் மத்தப் பாதி வாறது. இது தெரியாத வண்டிக்காரன் இந்த றோட்டுல இல்ல” என்றார். ஆணி அடிக்கக் கூடாது என்கிறானே மகன் என்றேன். “பலகையிலதானே அடிக்க ஏலாது? மரம் ஒங்கட மகன்ட மரம். பலகைக்கு ரெண்டு பக்கமும் மரத்துல கட்டைத் துண்டு அடிச்சா அது எங்க நகரும்? மேல ஒரு சட்டத்தக் குறுக்கால போட்டு, அந்தச் சட்டத்த மரத்தோட அடிச்சா எப்படி எழும்பும்?” என்று கேட்டார். இருபத்தாறு வருடமாகப் பத்திரிகைக்கு எழுதுகிறேன், எத்தனையோ பாலம் உடைந்ததை, வண்டி கவிழ்ந்ததை எழுதியிருக்கிறேன், இவ்வளவு எளிதான விஷயம் எனக்குத் தோன்றவில்லை. அன்று முழுவதும் தங்கராஜாவைத் தேடினேன், என்னைக் கண்டால் எழுந்து போனான். அஸீஸ் சொன்ன வழியை வீரய்யாவிடம் சொல்லி அனுப்பினேன், ஐயாவுக்குப் பயம் பிடித்துவிட்டது என்று இருவரும் சேர்ந்து சிரித்தார்களாம்.

சனிக்கிழமை விடியற்காலை நல்ல பனி. பத்து மணிக்கே நான் திடலில் நின்றேன். பதினொன்றரைக்குத் தம்பையா கங்காணியின் ஆட்கள் பசறைப் பாதையில் வரிசையாக வந்தார்கள், மேலே இருந்தால்தான் குதிரை தெரியும் என்று நேரே ஆறாம் ஏழாம் தட்டுக்கு ஏறினார்கள், கைக்குழந்தைகளோடு. உன் அம்மா தெருப் பெண்களோடு மூன்றாம் தட்டில் நடுவில் உட்கார்ந்து எனக்குக் கையசைத்தாள். வெயில் சுட்டது. கயிறு வெளுத்துப்போனதைக் கீழே நின்றே பார்த்தேன். தங்கராஜாவின் தோளைப் பிடித்துக் கலரியின் அடிப்பக்கம் இழுத்துப்போனேன், அத்தனை பேர் பார்க்கத் திமிறினான். கை விட்டுப் பார், ஒரு கட்டில் மட்டும் கை விட்டுப் பார், அதன்பின் நான் வாய் திறக்க மாட்டேன் என்று கெஞ்சினேன். எரிச்சலோடு விரலை விட்டான். நாலு விரலும் கணு வரை உள்ளே போயின. எடுத்து அடுத்த கட்டில் விட்டான். தலைக்கு மேலே குழந்தைகள் ஓடுகிற சத்தம், பலகை மரத்தில் தட்டித் தட்டி விழுகிறது. மூன்றாவது கட்டில் விரல் விட அவன் நிற்கவில்லை. “வீரய்யா, ஆணி மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடியா” என்று ஒரு கத்துக் கத்தினான், பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, “எல்லாரையும் எறக்கணும்ப்பா, கட்டின நானே சொன்னா அடிச்சிக்கிட்டு ஓடுவாங்க, நீங்க சொல்லுங்க” என்றான்.

நான் போய் முன்னால் நின்று, தட்டுத் தட்டாக மெதுவாக இறங்கி வாருங்கள், பலகை கட்டு விட்டிருக்கிறது என்றேன். கங்காணிக்குக் கோபம். “நீங்கதானே ஐயா பேப்பர்ல எழுதினீங்க? நான் பெரட்டுல நின்னு படிச்சேனே, எம் மூஞ்சிய எங்க வைக்கிறது?” என்றார். நான் எழுதியது பிழை, பார்த்த நேரம் பிழை, என் பிழை என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். ஏழாம் தட்டிலிருந்து இராக்கம்மா என்கிற கொழுந்தெடுக்கிற பெண், “பேப்பர்காரரே பேப்பர நம்பாதீங்கன்னா, நாங்க எதத்தான் நம்புறது சாமி?” என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நல்லதாகப் போயிற்று, யாரும் முண்டவில்லை, இறங்கத் தொடங்கினார்கள், நான் கட்டுகளைப் பார்க்கக் கலரியின் அடிப்பக்கம் போனேன். இராக்கம்மா கடைசியாக ஆறாம் தட்டுக்குக் கால் வைத்தாள், வைத்தது நுனியில். பலகை மறுபக்கம் எழும்பிச் சரிந்தது, அவள் கால் இடைவெளிக்குள் தொடை வரை இறங்கிவிட்டது. கீழே நான் நிற்கிறேன், என் தலைக்கு நேரே அவள் கால் தொங்குகிறது, இரத்தம் சொட்டுகிறது, எட்டிப் பிடிக்க எனக்கு உயரம் போதவில்லை. வீரய்யா குறுக்குமரத்தில் தாவி அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டான். அவன் பிடிக்க எடுத்த நேரம் மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை, ஆனால் அது எனக்கு இன்னும் முடியவில்லை காந்தி, இதை எழுதும்போதும் அந்தக் கால் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே நீளமாகக் கிழிந்த காயம், எலும்புக்கு ஒன்றுமில்லை. அந்த நேரம் அந்தத் தட்டில் அறுபது பேர் இருந்திருந்தால் என்று என் மனம் கணக்குப் பார்க்கிறது, நிறுத்த முடியவில்லை.

இரண்டு மணிக்குள் ஐந்து பேர் வேலை செய்து, அஸீஸ் சொன்னபடியே கீழ் நாலு தட்டுக்குக் கட்டைத் துண்டும் சட்டமும் அடித்தார்கள், மேல் மூன்று தட்டை மறித்துக் கட்டினார்கள். இடமில்லாதவர்கள் புல்லில் நின்று பார்த்தார்கள். தங்கராஜா ஒவ்வொரு பலகையின் நுனியிலும் தானே ஏறிக் குதித்துப் பார்த்த பிறகுதான் ஆட்களை விட்டான். உன் அம்மா திரும்பவும் மூன்றாம் தட்டில் அதே இடத்தில் போய் உட்கார்ந்தாள், வேண்டாம் என்றதற்கு, “இப்பதான் நல்லா அடிச்சிட்டானே” என்றாள். எந்தக் குதிரை வென்றது என்று எனக்குத் தெரியாது. ஐந்து பந்தயமும் முடிந்து கடைசி ஆள் இறங்கும்வரை கலரியின் அடியில் நின்று அண்ணாந்து பலகைகளையே பார்த்தேன். பத்திரிகைக்குப் பந்தய முடிவுகளைப் பக்கத்துக் கடை ஸஹாப்தீனிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

இன்று காலை அதோடு ஒரு திருத்தமும் எழுதி அனுப்பினேன், முன்பு வந்த செய்தி நிருபரின் தவறு, கலரி உறுதியாக இருக்கவில்லை, ஒரு பெண் காயப்பட்டாள் என்று. கட்டியவன் பெயரையும் எழுதினேன். எழுதாமல் விடலாமா என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன், பிறகு எழுதினேன். அதைத் தங்கராஜாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தான், மடித்துத் தந்துவிட்டு, மூங்கில் கூடையில் பழமும் மருந்துத் துணியும் எடுத்துக்கொண்டு இராக்கம்மாவின் லயத்துக்கு நடந்தே போனான். இப்போதுதான் திரும்பி வந்தான். பூனாகலையில் கோயில் திருவிழாவுக்கு ஒரு கலரி கேட்கிறார்களாம், போன மாதமே கேட்டது. முடியாதென்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன், சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட ஆசைப்பட்டேன். வாசலில் நின்றபடி, “ஒத்துக்கப் போறேன்ப்பா. கட்டி முடிச்சதும் ஆளனுப்புறேன். வெயில் நல்லா ஏறினப்புறம் வாங்க, ஒவ்வொரு கட்டா கை விட்டுப் பாத்துட்டு, சரியில்லைன்னா சொல்லுங்க, பிரிச்சிடுறேன்” என்றான். எனக்குப் பயம் போகவில்லை, இருந்தாலும் வருகிறேன் என்றேன்.

நீ அண்ணனுக்குத் தனியாக நாலு வரி எழுது, மறந்துவிடாதே, ஆனால் கலரியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காதே, சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று மட்டும் கேள். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. முருகன் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நீண்ட ஆயுளும் நிறைந்த வீடுமாக வாழுங்கள்.

உன் நன்மையையே நினைக்கும் அப்பா,
மயில்வாகனம்