தோரண வாசலுக்கு வெளியே

புஜினோமியா,
6 பிப்ரவரி 1961

அன்புத் தங்கை ஃபுமியேவுக்கு, அண்ணன் யசுதகா எழுதுவது.

உன் ரத்தக் கொதிப்பு இன்னும் இறங்கவில்லை என்றும், பிரசவம் முடியும்வரை எந்த அதிர்ச்சியும் ஆகாது என்றும் நகோயா மருத்துவர் எனக்கு எழுதியிருக்கிறார். ஆகவே படுக்கையை விட்டு எழாதே.

நீ கேட்டபடி சகுயா தேவியின் பிரசவத் தாயத்தை இத்துடன் அனுப்புகிறேன். எரியும் குடிசைக்குள் பிள்ளை பெற்றவள், உன்னைக் கைவிடமாட்டாள். நான் கோயிலின் சிவப்புத் தோரண வாசலுக்கு வெளியே நின்றுகொண்டேன். டோஃபு கடை நிஷிகாகி அம்மாள்தான் உள்ளே போனார். "நீங்க இங்கயே நில்லுங்க வக்கீலய்யா. உங்க தங்கச்சிக்காக, தேவி தூங்கினாலும் முழிச்சுக்கிற மாதிரி கை தட்டிட்டு வரேன்" என்றார். தட்டியது தெருவரை கேட்டது.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவருடைய இருமல் முற்றிலும் நின்றுவிட்டது.

உன் நலம் நாடும்,
யசுதகா


நகோயா,
9 பிப்ரவரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாயத்து தலையணைக்கடியில் இருக்கிறது. பயம்தான் போகவில்லை. கண்ணை மூடினால் தேவியின் குடிசை எரிகிறது. அதற்குக் கதவே இல்லை. "இந்தப் படபடப்புல பிள்ளை தானா ஓடி வந்துடும்" என்று நர்ஸ் கேலி செய்கிறாள்.

கோயில் குளத்து ஊற்றுநீரைக் குடிக்காமல் அந்தப் பக்கம் போகவே மாட்டீர்களே, ஏன் உள்ளே போகவில்லை? அப்பாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கிறுக்கினாலும் போதும்.

ஃபுமியே


புஜினோமியா,
12 பிப்ரவரி

அன்புத் தங்கைக்கு,

அன்று உள்ளே செல்வது எனக்கு முறையாகப் படவில்லை. அப்பாவால் தற்சமயம் எழுத இயலாது. மற்றவற்றைப் பிரசவத்துக்குப் பின் நேரில் பேசுவோம். அதுவரை எதையும் கேட்காதே, ஃபுமி. எனக்கும் பயமாக இருக்கிறது.

யசுதகா


நகோயா,
14 பிப்ரவரி

அண்ணா,

அம்மா இறந்தபோது நம் இருவரையும் அந்த வாசலிலேயே நிறுத்தி, "துக்கம் கழியிற வரைக்கும் உள்ள போகக் கூடாதுடா, சாவுன்னா சாமிக்கே பயம்" என்று சொன்னவர் அப்பாதான். அவர் போய்விட்டார். இருமல் நின்றது, எழுத இயலாது: உங்கள் கடிதங்களில் ஒரு பொய்கூட இல்லை, அதனால்தான் தெரிந்தது.

கோபமில்லை. ஆனால் நானில்லாமல் நீங்கள் ஒருவராகவே அவரை வழியனுப்பிவிட்டு வந்து எனக்குத் தாயத்து அனுப்பியிருக்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

காலையிலிருந்து வலி. சாமிக்கே பயமென்றால் எனக்கு இருக்காதா? பதில் எழுத வேண்டாம், அடுத்த ரயிலில் வாருங்கள். பிழைத்து வந்தால் நானும் அந்த வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவள். பக்கத்தில் எனக்கு இடம் விட்டு நில்லுங்கள்.

ஃபுமி